கையில் ஒட்டிய சுகர் சென்சார்: 28 நாள் போட்டுப் பார்த்தேன்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், மாடியில் ஒரு சின்ன அறையில் ரவிக்கை தைக்கிறேன். 18 வருடமாக இதே தொழில். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பெண்களின் கழுத்தையும் கையையும் டேப் வைத்து அளப்பேன். போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு, என் இடது மேல்கையில் கோட்டுப் பொத்தான் மாதிரி வெள்ளையாக ஒன்றை ஒட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன். வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, கையில என்ன?" என்பதுதான். அத்தனை பேருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதிலை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அது சுகர் சென்சார். விரலைக் குத்தி ரத்தம் எடுக்காமல், இரவும் பகலும் சர்க்கரை அளவைக் கைப்பேசியில் காட்டும். எந்தக் கம்பெனியுடையது என்று எழுதவில்லை. நான் போட்டது 14 நாள் ஓடும் வகை. இரண்டு வாங்கி, 28 நாள் போட்டுப் பார்த்தேன். இப்போது மருந்தகங்களில் கிடைப்பவை வேலை செய்யும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் இதை அந்த வகைச் சாதனம் முழுவதற்குமான விமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. மேல்கையின் பின்பக்கச் சதையை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, அச்சுக் குத்துவது போல ஒரு அழுத்து. ஊசி உள்ளே போய் வெளியே வந்துவிடும்; தலைமுடி போன்ற மெல்லிய இழை மட்டும் தோலுக்கடியில் தங்கும். ஊக்கு முனை படுகிற அளவுக்குக்கூட வலிக்கவில்லை. ஆனால் அந்த இழை ரத்தத்தில் இல்லை, தோலுக்கடியில் இருக்கும் நீரில்தான் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிச் சில நிமிடம் கழித்துத்தான் அங்கே தெரியும். முதல் நாள் காட்டும் எண்களை நம்பாதீர்கள். அதற்கும் உடம்புக்கும் பழக ஒரு நாளாவது வேண்டும்.

என்னுடையதில் இரண்டு தொல்லை இருந்தது. ஒன்று, இடது பக்கம் சாய்ந்து படுத்தால் நடுராத்திரியில் சர்க்கரை 3.4 (இங்கே சொல்லும் சர்க்கரை எண்கள் எல்லாம் மில்லிமோல் கணக்கில்) என்று காட்டி மணி அடித்தது. பதறி எழுந்து விரலைக் குத்திப் பார்த்தால் 5.1. கை நசுங்கினால் அந்த இடத்தில் நீர் ஓட்டம் குறைந்து பொய்யாகக் கீழே காட்டுமாம். அதன் பிறகு வலது பக்கம் படுத்தேன், சத்தம் இல்லை. இன்னொன்று நம் ஊர் வெக்கை. ஃபேன் மட்டும் ஓடுகிற மாடி அறையில் வியர்த்து வியர்த்து ஒன்பதாவது நாளில் ஓரம் கிளம்பிவிட்டது. மேலே ஒரு மருத்துவ டேப் ஒட்டிச் சமாளித்தேன். இறுக்கமான கை வைத்த ரவிக்கை போடுகிறவர்கள் கவனமாக இருங்கள். கழற்றும்போது மாட்டிக்கொண்டு இழுக்கும்.

விலை ஒரு சென்சாருக்கு இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். எனக்கு அது சின்னக் காசு இல்லை. லைனிங் வைத்து மூன்று நான்கு ரவிக்கை தைத்தால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். அப்படியும் முதல் வாரத்திலேயே போட்ட காசு வந்துவிட்டது என்று நினைத்தேன். காரணம் சாப்பாடு.

கடைக்கு வரும் வழியில் ரொட்டி சனாய் (பரோட்டா மாதிரி) இரண்டு, பருப்புக் கறி, ஒரு தே தாரிக் (இனிப்புப் பால் டீ). பல வருடமாக இதுதான் என் பசியாறல். போட்ட மூன்றாம் நாள் பார்த்தேன்: சாப்பிடுவதற்கு முன் 5.3. முக்கால் மணி நேரத்தில் 10.2. அதுகூடப் பரவாயில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும் அது எட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே மூன்று மணி நேரம் சர்க்கரை ரத்தத்தில் நின்றிருக்கிறது. அடுத்த நாள் அதே ரொட்டி ஒன்று, முட்டை இரண்டு, தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ). 7.6 வரை ஏறி இறங்கிவிட்டது. மூன்று தோசையைச் சட்னியோடு சாப்பிட்டால் 9.4, முதலில் ஒரு கிண்ணம் கடலைச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு இரண்டு தோசை என்றால் 7.9. நாசி கண்டாரில் (சோறும் பலவகைக் கறியும்) சோறு பாதி, வெண்டைக்காயும் மீனும் முதலில், சோறு கடைசியில். அதற்கும் கோடு தாழ்ந்தது. பப்பாளி எதுவும் செய்யவில்லை. மைலோ ஐஸ் குடித்த அன்று வந்த கோட்டைப் பார்த்த பிறகு அதைத் தொடவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது நடை. மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு முடித்ததும் மெஷினில் உட்காராமல், மார்க்கெட் ஸ்திரீட் வழியாக நடந்து எஸ்பிளனேட் கடலோரம் போய் வந்தேன். அரை மணி நேரம்தான். அதே சோறு, அதே குழம்பு, உச்சம் 9.9-க்குப் பதிலாக 7.8. தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்காகக் காத்திருக்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். படித்துத் தெரிந்துகொள்வதும், சொந்தக் கையில் ஒட்டிய பொத்தான் கோடு போட்டுக் காட்டுவதும் ஒன்றல்ல. இந்த ஒரு விஷயத்துக்கு இந்தச் சாதனத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இனி, இது காட்டாததைப் பற்றி. விமர்சனம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எனக்குச் சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ். 17 வயதில் மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆனது. மோவாயில் முடி வந்தது. பின் கழுத்தில் தோல் தடித்து, வெல்வெட் துணி போலக் கறுத்தது. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயத்தம் மாவும் எலுமிச்சையும் போட்டு அந்தக் கழுத்தைத் தேய்ப்பார். தோல் சிவந்து எரியும், கறுப்பு போகாது. "ஒழுங்கா தேச்சுக் குளிக்கிறதில்ல" என்று திட்டு வேறு. அப்போது என் எடை 48 கிலோ. பார்த்த டாக்டர் ஸ்கேன் எடுத்து, மாத்திரை எழுதிக் கொடுத்து, "கல்யாணம் ஆனதும் குழந்தை வேணும்னா வாம்மா" என்று அனுப்பிவிட்டார். சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒல்லியான பெண்ணுக்குச் சர்க்கரை எதற்கு என்று நினைத்திருக்கலாம். பிறகு வேறு காரணங்களுக்காக வெறும் வயிற்றில் மூன்று முறை ரத்தம் பார்த்தேன். மூன்று முறையும் நார்மல்.

சென்சார் போட்ட 14 நாள் கோடுகளைக் கைப்பேசியோடு எடுத்துக்கொண்டு ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போனேன். பொறுமையான தமிழ் அம்மா. கோடுகளைப் பார்த்துவிட்டு, "இத வச்சு நான் எதுவும் முடிவு சொல்ல மாட்டேன் மா. சீனித் தண்ணி குடிச்சு டெஸ்ட் எடுங்க" என்றார். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், வெறும் வயிற்றில். குடிக்கும் முன் ஒரு ரத்தம், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ரத்தம். குமட்டும், ஆனால் குடித்துவிடலாம். முதல் ரத்தம் 5.4, அழகான நார்மல். இரண்டாவது 9.1. 7.8-க்கு மேல் போனால் சரியில்லை, 11.1 தொட்டால் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. நான் நடுவில் நின்றேன். மூன்று முறை நார்மல் என்று சொன்ன வெறும்வயிற்று டெஸ்ட் இதைப் பிடிக்கவே இல்லை.

நான் 50 கிலோகூட இல்லையே, எனக்கு ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் ஆண்ட்ரியா டுனைஃப் என்ற பெயரை அவர் சொன்னார். அமெரிக்க ஹார்மோன் விஞ்ஞானி. அன்று இரவு பட்டன் தைத்துக்கொண்டே கணவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன். இந்த நோயை 1935-இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் விவரித்தபோது இது சினைப்பையின் கோளாறு மட்டுமே. சினைப்பையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். பல பத்தாண்டுகள் எல்லாரும் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டுனைஃப் அந்தப் பெண்களின் தசையைப் பார்த்தார்.

அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நரம்பில் இன்சுலினை ஒரே சீராக ஏற்றுகிறார்கள். சர்க்கரை இறங்கப் பார்க்கும். இறங்காமல் ஒரே அளவில் நிற்கும்படி இன்னொரு வழியில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். இன்சுலின் சொல்வதை உடம்பு நன்றாகக் கேட்டால் நிறைய குளுக்கோஸ் ஊற்ற வேண்டியிருக்கும். கேட்கவில்லை என்றால் கொஞ்சம் ஊற்றினாலே போதும். ஊற்றிய அளவுதான் விடை. 1989-இல் வெளியான அந்த ஆய்வில், குண்டான பெண்களை அதே எடையுள்ள பெண்களோடும், ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடும் ஒப்பிட்டார்கள். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள் இரண்டு பக்கமும் பின்தங்கினார்கள். எடை கூட இருந்தால் இன்னும் மோசம். ஆனால் ஒல்லியாக இருப்பதால் தப்பிக்கவில்லை. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இந்த விடை அச்சில் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

டாக்டர் அம்மா விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். தசை இன்சுலினுக்குக் காது கொடுக்காதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து கத்துகிறது. அதனால் சர்க்கரை பல வருடம் கட்டுக்குள்ளேயே இருக்கும். ஆனால் சினைப்பைக்குக் காது நன்றாகவே கேட்கும். அவ்வளவு இன்சுலினும் அங்கே போய், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. ஈரலில் ஒரு புரதம் உருவாகும்; டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைப்பது அதன் வேலை. இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறையும், பிடி விட்டுப்போன ஹார்மோன் உடம்பில் சுற்றும். மோவாயில் முடி, முகத்தில் பரு. முட்டை பாதி வளர்ச்சியில் நின்றுவிடும். ஸ்கேனில் கட்டி என்று தெரிவதெல்லாம் அப்படி நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள்தான், உண்மையான கட்டி இல்லை. தோலின் செல்களும் அதே இன்சுலினுக்கு வளர்ந்து தடிக்கும். பின் கழுத்து கறுக்கும்.

அழுக்கு இல்லை. தேய்த்தால் போகாது. அம்மாவிடம் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு, தோட்டத்து வெயில்னு நெனச்சோம்" என்றார். பாட்டி இனிப்பு நீரில்தான் இறந்தார், ஒரு கால் எடுத்த பிறகு.

இப்போது சென்சாருக்கு வருகிறேன். அது காட்டுவது சர்க்கரையை. இந்த நோயில் முதலில் கூடுவது இன்சுலின். அதை எந்தச் சென்சாரும் காட்டாது. என் வாடிக்கையாளர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, 19 வயது மகளுக்கும் ஒன்று வாங்கிப் போட்டார். இரண்டு வாரம் கழித்துச் சந்தோஷமாக வந்து கோட்டைக் காட்டினார்: "பாரும்மா, ஆறு ஏழைத் தாண்டவே இல்ல. ஒண்ணுமில்ல." அந்தப் பெண்ணுக்கு நான்தான் அளவு எடுத்தேன். பின் கழுத்து இறக்கத்துக்கு டேப் வைத்தபோது கறுப்பு முதுகுவரை இறங்கியிருந்தது. கழுத்தை ஏற்றித் தைக்கச் சொன்னாள். மாதவிலக்கு எப்படி என்று மெதுவாகக் கேட்டேன், வந்து நாலு மாதம் ஆகிறது என்றாள். தட்டையான அந்தக் கோட்டுக்குப் பின்னால் அவளுடைய கணையம் எவ்வளவு பாடுபடுகிறது என்று யாருக்குத் தெரியும்? இருநூறு வெள்ளி கொடுத்து வாங்கிய நிம்மதி அவளை இன்னும் ஐந்து வருடம் டாக்டரிடம் போகவிடாமல் செய்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவள் அம்மாவை உட்கார வைத்து, கோடு நேராக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது என்று சொன்னேன். போய்ப் பார்த்தார்கள். அவளுக்கும் பி.சி.ஓ.எஸ்.தான்.

அப்படியானால் இன்சுலினையே ரத்தத்தில் அளக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அதற்கும் காசு செலவழிக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் முன்நின்று 2023-இல் வெளியிட்ட அனைத்துலக வழிகாட்டி, அந்த அளவு சிகிச்சையை முடிவு செய்யப் பெரிதாக உதவாது என்கிறது. அதே வழிகாட்டி, பி.சி.ஓ.எஸ். உள்ள எல்லாருக்கும், எந்த வயதானாலும் எந்த எடையானாலும், நோய் தெரிந்த உடனே சர்க்கரை பார்க்க வேண்டும், பிறகு ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறது. சரியாகக் காட்டுவது சீனித் தண்ணி டெஸ்ட்தான் என்றும் சொல்கிறது. டுனைஃபும் அவரோடு வேலை செய்தவர்களும் 1999-இலேயே பி.சி.ஓ.எஸ். உள்ள 254 பெண்களுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 31 சதவீதம் பேர் நான் நின்ற அதே நடு இடத்தில், 7.5 சதவீதம் பேருக்கு நீரிழிவே வந்துவிட்டிருந்தது. எடை கூடாதவர்களிலும் பத்தில் ஒருவர் நடுவில். வெறும் வயிற்று ரத்தம் இவர்களில் பெரும்பாலானவர்களை விட்டுவிட்டது.

நம் மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். சாப்பாட்டைத் திட்டுகிறோம், சீனியைத் திட்டுகிறோம். பெண் பிள்ளைக்கு 16 வயதில் மாதவிலக்கு தள்ளிப்போவதும் அதே கதையின் முதல் பக்கம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது சென்சார் ஏன் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். 14 நாள் என்பது ஒரு பெண்ணின் மாதத்தில் பாதி. முட்டை வெளிவந்த பிறகு வரும் இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும், அப்போது இன்சுலினின் பேச்சு உடம்பில் கொஞ்சம் எடுபடாமல் போகும். டாக்டர் கொடுத்த மெட்ஃபோர்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையில் எனக்கு மாதவிலக்கு ஒழுங்கானது. (முதல் இரண்டு வாரம் வயிறு படுத்திய பாடு தனி. சாப்பாட்டோடு போட்டால் குறையும். வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அதன் பிறகு இரண்டாவதை மாதவிலக்குக்கு முந்திய இரண்டு வாரத்தில் போட்டேன். காலையில் எழுந்ததும் 5.0, 5.1 என்று இருந்தது 5.5, 5.6 ஆனது. சாப்பாடு அதே, நடை அதே. மாதவிலக்கு வந்த மறுநாள் பழையபடி இறங்கியது. ஒரே ஒருத்தியின் உடம்பு, ஒரே ஒரு மாதம், அதுவும் மருந்தோடு. இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லக் கூடாதுதான். ஆனாலும், அந்த வாரத்தில் நான் என்ன தப்பு செய்தேன் என்று என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்று புரிந்தது. பெண்கள் இதைப் போடுவதானால் எந்த நாளில் மாதவிலக்கு வந்தது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் கோட்டுக்குப் பாதி அர்த்தம்தான்.

ஆக, யார் வாங்கலாம்? சீனித் தண்ணி டெஸ்டில் நடுவில் நிற்பவர்கள், எந்தச் சாப்பாடு தன்னை ஏற்றுகிறது என்று பார்க்க ஒரு முறை, கை தாங்கினால் இரண்டு முறை. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு இது வேறு கணக்கு, டாக்டரிடம் கேளுங்கள். நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மட்டும் வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு வேறு வழி இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து, மாதவிலக்கு தேதிகளை எழுதிய காகிதத்தைக் கொடுத்து, கழுத்தைக் காட்டி, "சீனித் தண்ணி டெஸ்ட் வேணும்" என்று கேளுங்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், நில்லுங்கள்.

டுனைஃபோடு வேலை செய்தவர்கள் 1998-இல் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களின் 115 சகோதரிகளைப் பார்த்தபோது 22 சதவீதம் பேருக்கு அதே நோய் இருந்தது. இன்னும் ஏறக்குறைய அதே அளவு பேருக்கு மாதவிலக்கு ஒழுங்காக இருந்தும் ஆண் ஹார்மோன் கூடியிருந்தது. என் தங்கை பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். அவளுக்கு ஒன்றுமில்லை என்று டெஸ்ட் எடுத்துப் பார்த்தாயிற்று. அவள் மகளுக்கு 16 வயது, வயதுக்கு வந்து நாலு வருடம் ஆகியும் மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். போன வாரம் தீபாவளி ரவிக்கைக்கு அளவு கொடுக்க ஃபெரியில் வந்தாள். தலைமுடியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன், கழுத்து மடிப்பில் இலேசாகத் தொடங்கியிருக்கிறது. தங்கை பையிலிருந்து கடலை மாவு டப்பாவை எடுத்துக் காட்டினாள். அதை வாங்கி என் மேசைக்குள் வைத்துக்கொண்டேன். வரும் பள்ளி விடுமுறையில் மூன்று பேரும் காலையில் பசியாறாமல் கிளினிக்குக்குப் போகிறோம். சென்சார் வாங்கிக் கொடுக்கவில்லை.